கோவென்ட்ரியின் முதல் பேராலயம்: ஒரு கையெழுத்தில் காணாமல் போன மடம்

இங்கிலாந்தில் இருக்கும் கோவென்ட்ரி என்ற ஊர்ப்பெயரைக் கேட்டதும் பெரும்பாலானவர்களுக்கு நினைவு வருவது 1940 நவம்பர் 14 இரவுதான். ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு நகரின் நடுப்பகுதியையே எரித்தன, ஒரே இரவில் 500க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், செயின்ட் மைக்கேல் பேராலயம் சுவர்களும் கோபுரமும் மட்டும் மிஞ்சக் கூரையில்லாமல் நின்றது. அந்தச் சுவர்களை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் பேசில் ஸ்பென்ஸ் வடிவமைத்த புதிய பேராலயத்தைக் கட்டி 1962 மே 25 அன்று அர்ச்சித்தார்கள். பழையது ஒன்று, புதியது ஒன்று என்று இரண்டையும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கோவென்ட்ரியின் கதை அவ்வளவுதான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஆனால் குண்டில் எரிந்தது அந்த ஊரின் இரண்டாவது பேராலயம். அதுவும் 1918 வரைக்கும் ஒரு பெரிய பங்குக் கோயிலாக மட்டுமே இருந்தது, அந்த ஆண்டு புதிதாக மறைமாவட்டம் அமைத்தபோதுதான் பேராலயம், அதாவது ஆயரின் தலைமைக் கோயில், ஆனது. முதல் பேராலயம் வேறு. செயின்ட் மேரி என்ற பெயரில், பெனடிக்டின் துறவிகளின் மடத்தோடு சேர்ந்து, ஏறக்குறைய 500 ஆண்டுகள் அதே மேட்டில் நின்றது, சுமார் 130 மீட்டர் நீளம் கொண்டது. அதை எந்த எதிரி விமானமும் இடிக்கவில்லை. 1539 ஜனவரி 15 அன்று மடத்தை மன்னரிடம் ஒப்படைக்கும் ஒரு பத்திரத்தில் கையெழுத்து போட்டார்கள், அதோடு முடிந்தது. இங்கிலாந்தில் மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களை மூடிய காலத்தில் இடித்துத் தள்ளப்பட்ட ஒரே பேராலயம் இதுதான். சொந்த அரசே இடித்ததாலோ என்னவோ, இதற்காக யாரும் நினைவுச்சின்னம் எழுப்பவில்லை. எனக்கு இந்தக் கதை பிடிபட்டதே இந்த ஒரு முரணில்தான்: ஒரே ராத்திரியில் எரிந்ததை உலகமே நினைவில் வைத்திருக்கிறது, சாவகாசமாகப் பிரித்துத் தின்றதை அந்த ஊரே கிட்டத்தட்ட மறந்து போனது.

சரி, இந்த மடத்தை 'பிரையரி' என்பார்கள், முதலில் அது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பெனடிக்ட் எழுதிய ஒழுங்கைப் பின்பற்றுகிறவர்கள் பெனடிக்டின் துறவிகள். ஒரு நாளின் நேரத்தைப் பொதுச் செபம், வேலை, வாசிப்பு என்று பிரித்துக்கொண்டு, ஒரே இடத்தில் ஆயுள் முழுக்கத் தங்குவது அவர்கள் வாழ்க்கை. மடத்துக்கு 'அபட்' தலைவராக இருந்தால் அது 'அபே', அவருக்கு அடுத்தபடியான 'பிரையர்' நடத்தினால் அது 'பிரையரி'. பெரும்பாலும் பிரையரி என்றால் ஏதோ ஒரு பெரிய மடத்தின் கிளை, சின்ன இடம். ஆனால் இங்கிலாந்தில் ஒரு வினோத வழக்கம் இருந்தது. சில பேராலயங்களைப் பூசை முதல் கணக்குவழக்கு வரை துறவிகளே நடத்தினார்கள், ஆயரே பெயரளவில் அபட், அதனால் உண்மையில் மடத்தை நடத்துகிறவர் பிரையர்தான். கேன்டர்பரி, டர்ஹம், வின்செஸ்டர், எல்லாம் இந்த வகை. கோவென்ட்ரியும் இந்த வரிசையில் வருகிறது. ஆக, பிரையரி என்ற பெயரை வைத்து ஏதோ நாலு துறவிகள் இருந்த குடிசை என்று எண்ணிவிட வேண்டாம்.

மடத்தை நிறுவியவர்கள் நடு இங்கிலாந்தின் மெர்சியா பகுதியின் பிரபு லியோஃப்ரிக்கும் அவர் மனைவி கோடைவாவும். ஆமாம், குதிரை மேல் ஆடையில்லாமல் ஊரைச் சுற்றி வந்ததாகச் சொல்வார்களே, அதே கோடைவாதான். அந்தக் குதிரைச் சவாரிக் கதை 13ஆம் நூற்றாண்டு எழுத்தில்தான் முதலில் தலைகாட்டுகிறது, அதாவது அவர் இறந்து நூறு வருடங்களுக்கும் மேல் கழித்து. நிஜத்தில் அவர் பெரும் நிலக்கிழாத்தி, மடங்களுக்கு அள்ளிக் கொடுத்தவர். சாகும் தறுவாயில் விலையுயர்ந்த மணிகள் கோத்த மாலை ஒன்றை மாதாவின் சிலைக்குப் போடச் சொன்னார் என்றும், அந்த மணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத்தான் அவர் செபம் சொல்லி வந்தார் என்றும் 12ஆம் நூற்றாண்டில் வரலாற்றெழுத்தாளரான துறவி மால்ம்ஸ்பரி வில்லியம் எழுதியிருக்கிறார். குதிரைக் கதையை விட இந்த மாலைதான் அந்தப் பெண்மணியை எனக்கு நெருக்கமாகக் காட்டுகிறது. 1057இல் லியோஃப்ரிக் இறந்ததும் இங்கேதான் புதைத்தார்கள்.

நிறுவிய ஆண்டு 1043 என்பது மரபு. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. லியோஃப்ரிக் பெயரில் மடத்துக்கு உரிமைகள் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லும் பழைய பட்டயங்கள் போலியானவை, 12ஆம் நூற்றாண்டில் துறவிகளே தயாரித்துக்கொண்டவை என்பது வரலாற்றாசிரியர்களின் முடிவு. கேட்க அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் அந்தக் காலத்து மடங்களில் இது அபூர்வமில்லை. ஒரு மடம் தலைமுறை தலைமுறையாக அனுபவித்து வந்த நிலத்துக்கு எழுத்து எதுவும் இருக்காது. 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானியர் ஆட்சிக்கு வந்த பிறகு எல்லாவற்றுக்கும் எழுத்து கேட்கத் தொடங்கினார்கள். எழுத்து இல்லாதவர்கள் எழுதிக்கொண்டார்கள், எழுதும்போது கொஞ்சம் கூடுதலாகவும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கூடுதல்தான் பின்னால் ஊரையே இரண்டாக்கியது. அதற்கு வருகிறேன்.

1043க்கு முன்பே அந்த மேட்டில் ஏதோ ஒரு புனித இடம் இருந்திருக்க வேண்டும். ஆஸ்பர்க் என்ற பெண் துறவி நடத்திய கன்னியர் மடம் இருந்தது, 1016 வாக்கில் டேனியர்கள் அதை அழித்தார்கள் என்பது ஊர் நம்பிக்கை. இன்னொரு தடயமும் உண்டு. கேன்டர்பரி பேராயர் ஏதெல்நோத் இத்தாலியின் பவியா நகரில் புனித அகஸ்டினுடைய கை எலும்பை நூறு தாலந்து வெள்ளிக்கும் ஒரு தாலந்து பொன்னுக்கும் வாங்கி கோவென்ட்ரிக்குக் கொடுத்தார் என்கிறது பழைய பதிவு, அது நடந்தது 1022 வாக்கில். கோயிலே இல்லாத ஊருக்கு யாரும் புனிதரின் கையை வாங்கித் தர மாட்டார்கள் அல்லவா? அப்புறம், 1539இல் மடத்தை மூடிய சமயத்துப் பட்டியலில் ஆஸ்பர்க்கின் தலை, செம்பில் பொன் பூசிய பேழையில் வைத்தது, என்று ஒரு வரி இருக்கிறது. 500 வருடமும் அந்தப் பெண்ணை அவர்கள் விட்டுவிடவில்லை.

1102இல் ஆயர் ராபர்ட் டி லிம்சி தன் ஆசனத்தை செஸ்டரிலிருந்து கோவென்ட்ரிக்கு மாற்றினார், மடத்துக் கோயில் பேராலயமானது. பக்தியால் அல்ல, மடத்தின் செல்வத்தால்தான் வந்தார் என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். கோயிலின் ஒரே ஒரு உத்தரத்திலிருந்து 500 மார்க் (அக்காலப் பண அளவு) மதிப்புள்ள வெள்ளியை அவர் சுரண்டி எடுத்தார் என்கிறார் மால்ம்ஸ்பரி வில்லியம். உத்தரத்துக்கே வெள்ளித் தகடு அடித்திருந்தார்கள் என்றால் உள்ளே மற்றதெல்லாம் எப்படி இருந்திருக்கும்!

அடுத்த நூறு வருடம் மடத்துக்குச் சோதனைக் காலம். அரியணைக்காக ஸ்டீபனும் மட்டில்டாவும் மோதிய உள்நாட்டுப் போரில், ராபர்ட் மார்மியன் என்ற பிரபு துறவிகளைத் துரத்திவிட்டு மடத்தைக் கோட்டையாக்கி, எதிரிக் குதிரைகள் விழட்டும் என்று சுற்றிலும் பள்ளங்கள் வெட்டினார். கடைசியில் அவரே ஒரு பள்ளத்தில் விழுந்தார், எழ முடியாமல் கிடந்தவரை ஒரு சாதாரணப் படைவீரன் கொன்றான். இது 1140களின் தொடக்கத்தில். பிறகு ஆயராக வந்த ஹியூ நோனன்ட்டுக்குத் துறவிகள் என்றாலே ஆகாது. கோயிலுக்குள்ளேயே கைகலப்பு நடந்து, பவனியில் தூக்கும் சிலுவையால் ஆயரின் மண்டை உடைந்தது. அவர் துறவிகளை வெளியேற்றிவிட்டு வேறு குருக்களை அமர்த்தினார். போப்பாண்டவர் தலையிட்டு, 1190களின் இறுதியில்தான் துறவிகள் திரும்பி வந்தார்கள். நடுவே கட்டுமானம் நின்று நின்று, 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்த பெரிய கோயில் 13ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில்தான் முழுமையடைந்தது.

இப்போது ஊர் இரண்டான விஷயத்துக்கு வருவோம். கோவென்ட்ரியின் வடபாதி 'பிரையரின் பாதி', தென்பாதி 'எர்லின் பாதி', அதாவது செஸ்டர் பிரபுவுடையது. இந்தப் பிரிவினைக்கு மடம் காட்டிய ஆதாரம் அந்தப் போலிப் பட்டயங்கள். ஒரே ஊரில் இரண்டு ஆண்டைகள், இரண்டு சந்தை உரிமை, இரண்டு நீதிமன்றம். கம்பளித் துணி வியாபாரத்தில் ஊர் செழிக்கச் செழிக்க, வியாபாரிகள் மடத்தின் அதிகாரத்தை ஒரு தொல்லையாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். 1345இல் நகராட்சி உரிமை கிடைத்தது. 1355இல் தென்பாதியின் உரிமைக்காரியான அரசி இசபெல்லா, பிரையர், நகரத்தார் மூவரும் சேர்ந்து முத்தரப்பு ஒப்பந்தம் ஒன்றில் ஒப்பமிட்டார்கள், நகர நிர்வாகம் ஒன்றானது, பிரையரின் கை தளர்ந்தது. இந்தப் பழைய பகையின் தடம் இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. ஹோலி டிரினிட்டி, செயின்ட் மைக்கேல் என்று இரண்டு பிரம்மாண்டமான பங்குக் கோயில்கள் ஒன்றுக்கொன்று ஒட்டினாற்போல நிற்கின்றனவே, ஏன் என்று வருகிறவர்கள் குழம்புவார்கள். முதலாவது பிரையரின் பாதிக்கு, அடுத்தது எர்லின் பாதிக்கு. இரண்டுக்கும் வடக்கே, எட்டிப்பிடிக்கும் தூரத்தில், இரண்டையும் விடப் பெரிய பேராலயம். ஒரே மேட்டில் மூன்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 1539இல் இதுதான் வினையாகப் போகிறது.

அதற்கு முன் மடத்தின் உச்சகாலம் ஒன்று உண்டு. வழக்கறிஞர்களைச் சேர்க்காமல் நான்காம் ஹென்றி 1404இல் கூட்டிய 'படிக்காதவர்களின் பாராளுமன்றம்' கோவென்ட்ரியில் நடந்தது. 1459 நவம்பரில், மன்னரை எதிர்த்து நின்ற யார்க் தரப்புப் பிரபுக்களைத் துரோகிகள் என்று அறிவித்து அவர்கள் சொத்தைப் பறித்த பாராளுமன்றம் இந்த மடத்தின் 'சாப்டர் ஹவுஸ்' மண்டபத்தில் கூடியது. அதற்கு எதிராளிகள் வைத்த பெயர் 'பேய்களின் பாராளுமன்றம்'. சாப்டர் ஹவுஸ் என்பது துறவிகள் தினமும் காலையில் கூடி பெனடிக்டின் ஒழுங்கிலிருந்து ஒரு அதிகாரம் வாசித்து, மடத்து விவகாரம் பேசி, குற்றம் செய்தவர்களுக்குத் தண்டனை சொல்லும் கூடம். 'சாப்டர்' வாசிப்பதால் அந்தப் பெயர்.

1536இல் ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைவான சின்ன மடங்களை மூட முதல் சட்டம் வந்தது. அதன்பின் பெரிய மடங்களும் ஒவ்வொன்றாகத் 'தாமாக முன்வந்து' ஒப்படைத்தன. பேராலய மடங்களை ஹென்றி பொதுவாக இடிக்கவில்லை. துறவிகளை அனுப்பிவிட்டு, அதே கட்டடத்தில் துறவியல்லாத குருக்களை அமர்த்திப் பேராலயத்தைத் தொடர விட்டார். கேன்டர்பரி, டர்ஹம், நாரிச், ஈலி எல்லாம் அப்படித்தான் பிழைத்தன. கோவென்ட்ரி மட்டும் ஏன் போனது?

முதல் காரணம், அந்த ஆயருக்கு இன்னொரு பேராலயம் இருந்தது. லிச்ஃபீல்டில் துறவிகளே இல்லை, ஆரம்பத்திலிருந்தே சாதாரண குருக்கள்தான், ஆகவே மடங்களை ஒழிக்கும் நடவடிக்கை அதைத் தொடவில்லை. ஒரு ஆயருக்கு இரண்டு பேராலயம் எதற்கு? இரண்டாவது, வேறு ஊர்களில் மடத்துக் கோயிலைப் பங்குக் கோயிலாக மாற்றிக்கொண்டார்கள். வெல்ஸோடு சேர்ந்த மறைமாவட்டத்தில் பாத் நகரின் மடத்துக் கோயில் பேராலய வேலையை இழந்தும் அப்படிப் பிழைத்தது. கோவென்ட்ரி மக்களுக்கோ பக்கத்திலேயே இரண்டு பெரிய கோயில்கள் தயாராக இருந்தன. மூன்றாவது பணம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துணி வியாபாரம் சரிந்து, 1520களில் நூற்றுக்கணக்கான வீடுகள் பூட்டிக் கிடந்த ஊர் அது. அவ்வளவு பெரிய கட்டடத்தை விலைக்கு வாங்கிப் பராமரிக்க நகரத்தாரிடம் வசதி இல்லை. என் எண்ணத்தில் இரண்டாவது காரணம்தான் ஆணிவேர், அதற்குப் பின்னால் இருப்பது அந்தப் பழைய பிரிவினை. மடம் ஊரைப் பிரித்துப் பிடித்ததால் ஊரில் இரண்டு பங்குக் கோயில் எழுந்தது, இரண்டு இருந்ததால் மூன்றாவது வேண்டாததாகிவிட்டது.

காப்பாற்ற ஒருவர் முயன்றார். ஆயர் ரோலண்ட் லீ, மன்னரின் வலதுகையான தாமஸ் க்ராம்வெலுக்குக் கடிதம் எழுதி, இது என் தலைமை ஆசனம், என் முதன்மைக் கோயில், இதை நிற்க விடுங்கள் என்று கெஞ்சினார். இந்த லீ சாதாரண ஆளில்லை. வேல்ஸ் எல்லையில் திருடர்களைத் தூக்கில் போடுவதற்குப் பேர் போனவர், க்ராம்வெலுக்கு வேண்டியவர். அவர் சொல்லே எடுபடவில்லை. பிரையர் தாமஸ் காம்ஸ்வெல் ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டார், அவருக்கும் துறவிகளுக்கும் ஓய்வூதியம் கிடைத்தது, கோயில் தனியார் கைக்குப் போனது. கூரை ஈயம், மணி, மரம், அப்புறம் கல். ஊரில் எந்தச் சுவர் எழுந்தாலும் அதற்கு வெட்டிய கல் இலவசமாகப் பக்கத்திலேயே கிடைத்தது. வடமேற்குக் கோபுரத்தின் அடிப்பகுதியை மட்டும் யாரோ வீடாக்கிக் குடியிருந்தார்கள். ஆயர் பட்டத்தில் மட்டும் 'கோவென்ட்ரி' என்ற பெயர் தலைமுறைகளுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது, பேராலயம் இல்லாத ஊருக்கு!

இப்படிக் கல் கல்லாகப் பிரித்தெடுத்த கட்டடத்தை அகழ்வாய்வாளர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சுவரைப் பிரிக்கிறவர்கள் அடித்தளக் கல்லையும் விட மாட்டார்கள், மண்ணைத் தோண்டி எடுத்துக்கொண்டு, உதவாத சுண்ணாம்புக் காரையையும் உடைந்த சில்லுகளையும் அதே பள்ளத்தில் தள்ளி மூடிவிடுவார்கள். அந்தப் பள்ளம் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நிறத்தில் வேறுபட்டு, காரைத்தூள் கலந்து வெளுத்த பட்டையாகத் தெரியும். சுவர் இருக்காது, சுவரின் வடிவம் இருக்கும். பட்டையின் அகலத்திலிருந்து சுவரின் கனத்தையும், அது திரும்பும் இடத்திலிருந்து அறையின் மூலையையும் படிக்க முடியும். இல்லாத ஒன்றை அளந்து வரைபடம் போடும் வேலை இது.

இங்கே அந்தப் படிப்பு துண்டு துண்டாகத்தான் நடந்தது. 1850களில் புளூ கோட் பள்ளிக்குக் கட்டடம் எழுப்பத் தோண்டியபோது பேராலயத்தின் மேற்கு முகப்பின் அடிப்பகுதி தலைகாட்டியது. பள்ளியை அந்தப் பழைய கோபுர அடித்தளத்தின் மேலேயே கட்டினார்கள், இன்றும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். 1960களில் ஒரு பகுதியை ஆய்வு செய்தார்கள். பெரிய வாய்ப்பு 1999இல் வந்தது. நகரின் நடுப்பகுதியைப் புதுப்பிக்கும் ஃபீனிக்ஸ் திட்டத்தின் கீழ் அந்த இடத்தில் விரிவாகத் தோண்டினார்கள், 2000களின் தொடக்கம் வரை வேலை நடந்தது. கோயிலின் நடுக்கூடத்துக்கு மேலே பிற்காலத்தில் ஹோலி டிரினிட்டியின் கல்லறைத் தோட்டம் பரவியிருந்ததால், முதலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளைக் கவனமாக எடுத்த பிறகுதான் மடத்தின் மட்டத்துக்கே போக முடிந்தது.

வழக்கமாகத் துறவிகள் புழங்கும் முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் கோயிலுக்குத் தெற்கே, வெயில் விழும் பக்கத்தில் இருக்கும். கோவென்ட்ரியில் வடக்கே இருந்தது. தெற்கே பங்குக் கோயில்களும் கல்லறைகளும் இடத்தை அடைத்துக்கொண்டதும் ஒரு காரணமாக இருந்திருக்கும், வடக்கே ஷெர்போர்ன் ஆறு ஓடியதும் மடத்துக்கு வசதி. ஆனால் ஆற்றை நோக்கி நிலம் சரிகிறது. சமதளம் வேண்டுமென்றால் கீழே ஒரு மாடி கட்டி மேலே தூக்க வேண்டும். அதனால்தான் உணவுக்கூடம் இருந்த வடவரிசைக்குக் கீழே கல் வளைவுக் கூரை போட்ட அறைகள். மேலே இருந்ததெல்லாம் போய்விட்டது, கீழே இருந்த அறைகளுக்குள் இடிபாட்டைக் கொட்டி நிரப்பினார்கள், அந்தக் குப்பையே சுவர்களைத் தாங்கிப் பிடித்துக் காப்பாற்றிவிட்டது. நிறம் போட்ட சன்னல் கண்ணாடித் துண்டுகளும் தரை ஓடுகளும் ஆய்வில் குவியலாகக் கிடைத்தன.

எல்லாவற்றிலும் பெரிய கண்டுபிடிப்பு, சாப்டர் ஹவுஸ் சுவரிலிருந்து விழுந்த ஒரு சித்திரக் கல். 14ஆம் நூற்றாண்டு ஓவியம், கிரீடம் சூடிய முகங்கள், பைபிளின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில் அரியணையைச் சுற்றி அமர்ந்திருக்கும் மூப்பர்களின் காட்சி. சிவப்பும் பொன்னிறமும் இன்னும் மங்கவில்லை. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் சாப்டர் ஹவுஸிலும் இதே திருவெளிப்பாட்டு ஓவியங்கள் உண்டு, அந்தக் கூடத்திலும் பாராளுமன்றத்தின் மக்கள் அவை கூடியிருக்கிறது. 1459இல் யார்க் தரப்பின் சொத்தைப் பறிக்கும் தீர்மானத்தை வாசித்தபோது, சுவரில் கடைசித் தீர்ப்பு நாளின் காட்சிகள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். எந்த ஆவணத்திலும் இந்த ஓவியத்தைப் பற்றிப் பேச்சில்லை. அந்தக் கல் மண்ணுக்குள் போகாமல் யார் வீட்டுச் சுவருக்காவது போயிருந்தால் நமக்குத் தெரிந்தே இருக்காது.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு: பிரையரி ரோ என்ற சின்னத் தெருவில், புளூ கோட் பள்ளிக் கட்டடத்தின் அருகே தெரு மட்டத்துக்குக் கீழே ஒரு தோட்டம் இருக்கிறது, அதுதான் கோயிலின் நடுக்கூடம், தூண்களின் அடிக்கற்களும் தாழ்ந்த சுவர்களும் சிவப்பு மணற்கல்லில் தெரியும். வடக்கே, நவீனக் கட்டடம் ஒன்றின் அடியில் அந்தக் கீழறைகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளினால் பூல் மெடோ பேருந்து நிலையம். மடத்து ஆலைக்குத் தண்ணீர் தேக்கிய குளம் அங்கேதான் இருந்தது, பெயரில் மட்டும் இன்னும் தண்ணீர் இருக்கிறது. ஷெர்போர்ன் ஆற்றையும் நகரின் நடுப்பகுதியில் பெரும்பாலும் மூடிவிட்டார்கள், அங்கே அது தரைக்கு அடியில் ஓடுகிறது. தோட்டத்தின் மேற்கு முனையில் கோபுர அடித்தளத்தில் நின்று கிழக்கே பார்த்து நடக்கத் தொடங்குங்கள். 130 மீட்டர், இரண்டு நிமிடம் கூட ஆகாது. பீடம் இருந்த பக்கத்தைத் தாண்டி நிமிர்ந்தால் எதிரே 1962இல் கட்டிய பேராலயத்தின் சுவர் நிற்கும், அதன் தெற்கே 1940இல் எரிந்தது.